நாய்க்குத் தீனி சேரவில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி, கையைக் கடிக்காத செலவில்

நாய் சொறிய ஆரம்பித்தால் பெரும்பாலான வீடுகளில் முதலில் மாறுவது தீனி. கோழி மூட்டை போய் ஆட்டு மூட்டை வரும். அதுவும் சரிப்படாமல் 'தானியம் இல்லாதது' என்று எழுதிய மூட்டை இரட்டை விலைக்கு வரும். மூன்று மூட்டை தீர்ந்த பிறகும் நாய் சொறிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அதற்குள் அது ருசி பார்க்காத இறைச்சி என்று எதுவும் மிச்சம் இருக்காது. பண நஷ்டத்தை விட இது பெரிய நஷ்டம். தீனி ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க நம்பகமான முறை ஒன்றுதான் இருக்கிறது: நாய் இதுவரை தின்னாத உணவை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. அந்தத் தின்னாத உணவைத்தான் மூட்டை மூட்டையாக வீணடித்துவிடுகிறோம்.

கையில் பணம் குறைவாக இருக்கும்போது எதை முதலில் பார்ப்பது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தெள்ளுப்பூச்சி, அடுத்து சொறிப்பூச்சி, பிறகு காது மற்றும் தோல் தொற்று, குடற்புழு. தீனி கடைசியில்தான். கீழே உள்ளதை உங்கள் நாயின் அறிகுறியிலிருந்து தொடங்கிப் படிக்கலாம்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத நிலைகள் சில உண்டு. முகம் திடீரென வீங்குவது, ஈறு வெளுப்பது, வயிறு உப்பி வாந்தி வராமல் குமட்டுவது, கறுப்பாகவோ ரத்தமாகவோ கழிவது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி வாந்தியும் கழிச்சலுமாகப் படுத்துவிடுவது. இவற்றில் எது கண்டாலும் தீனியைப் பற்றி யோசிக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். குட்டியாக இருந்தால் அது பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம், மணிக்கணக்கில் நிலைமை மாறும்.

அறிகுறி: வருடம் முழுக்க அரிப்பு

எவ்வளவு சொறிகிறது என்பதை விட எங்கே சொறிகிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

இடுப்பின் பின்பகுதி, வால் அடி, பின்தொடை என்றால் தெள்ளுதான் முதல் சந்தேகம். "பூச்சி எதுவும் கண்ணில் படவில்லையே" என்பது பதில் ஆகாது. நாய் நக்கியும் கடித்தும் பூச்சியை விழுங்கிவிடும், எச்சம் மட்டும் ரோமத்தில் நிற்கும். நாயை ஒரு வெள்ளைத் துணி மேல் நிறுத்தி, நெருக்கமான பல் உள்ள சீப்பால் வால் அடியில் எதிர்த்திசையில் வாருங்கள். விழும் கறுப்புத் துகள்கள் மேல் தண்ணீர் தெளியுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். கரையாமல் கிடந்தால் வெறும் மண். இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை.

காது மடலின் ஓரம், முழங்கை, அடிவயிறு ஆகிய இடங்களில் முடி கொட்டிப் பொருக்குத் தட்டியிருந்தால் சொறிப்பூச்சி. காது மடல் ஓரத்தை மடித்து இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள். பின்கால் தானாக உதைத்துச் சொறிய முயன்றால் சந்தேகம் வலுக்கிறது. வீட்டில் மனிதர்களுக்கும் கையிலும் வயிற்றிலும் அரிப்புப் பொரி வந்திருந்தால் இன்னும் வலுக்கிறது. தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனையை அரசு கால்நடை மருந்தகங்களிலும், வேப்பேரி, நாமக்கல் போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியை நாமாகவே அளவு பார்த்துப் போடும் பழக்கம் இருக்கிறது. கோலி இனத்து நாய்களிலும் அதன் கலப்பிலும் அது உயிரைக் குடிக்கக்கூடியது. இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கால் விரல் இடுக்கு, காதுக்குள், கவட்டை, ஆசனவாயைச் சுற்றி, முகம் என்று இருந்தால்தான் ஒவ்வாமைப் பக்கம் வருகிறோம். அதிலும் தீனி ஒவ்வாமையும், தூசி, மகரந்தம், வீட்டுத் தூசிப்பூச்சியால் வரும் ஒவ்வாமையும் ஒரே முகத்தோடு வரும். பிரித்துப் பார்க்க உதவும் கேள்விகள் இரண்டு. மழைக்காலத்திலோ வேறொரு பருவத்திலோ மட்டும் வந்து போகிறதா? அப்படியானால் தீனி காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரு வயதுக்கு முன்போ, ஆறேழு வயதுக்குப் பின்போ முதன்முதலாக ஆரம்பித்ததா? அப்படியானால் தீனியின் மேல் சந்தேகம் கூடுகிறது. அரிப்போடு சேர்ந்து ஒரு நாளில் மூன்று நான்கு தடவை இளகிய மலமும் போனால் இன்னும் கூடுகிறது.

தெள்ளு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தீனிச் சோதனைக்கு முன் வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் பூச்சி மருந்து போட்டு, மூன்று மாதம் விடாமல் தொடருங்கள். பூனைக்குப் பூனைக்கான மருந்தே போட வேண்டும். நாய்க்கான சொட்டு மருந்துகளில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். சோதனை நடக்கும் மாதங்களில் மென்று தின்னும் மாத்திரைக்குப் பதிலாக முதுகில் விடும் சொட்டு மருந்து நல்லது. ஏன் என்பது பின்னால் வரும். படுக்கும் சாக்கை வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசி உச்சி வெயிலில் போடுங்கள். முட்டையும் புழுவும் நாயின் மேல் இருப்பதை விடச் சாக்கிலும் தரை விரிசலிலும்தான் அதிகம்.

அறிகுறி: காது மட்டும் திரும்பத் திரும்பக் கெடுகிறது

தலையை உதறுவது, காதில் பழுப்பு மெழுகு, புளித்த மாவு போன்ற வாடை. சொட்டு மருந்து விட்டால் பத்து நாள் நன்றாக இருக்கும், நிறுத்தினால் ஒரு மாதத்தில் மறுபடி. சில நாய்களில் தீனி ஒவ்வாமை காதில் மட்டுமே தெரியும், உடம்பில் ஓர் அரிப்பும் இருக்காது. அதனால் வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் இரண்டு காதும் கெட்டால் தீனிச் சோதனைக்கு நியாயம் உண்டு.

ஆனால் ஏற்கெனவே பற்றிக்கொண்ட பூஞ்சைத் தொற்று, தீனியை மாற்றுவதால் மட்டும் போகாது. மருத்துவர் தரும் சொட்டு மருந்தை அவர் சொன்ன அத்தனை நாளும் விட்டுக் காதைச் சுத்தமாக்கிய பிறகுதான் சோதனையின் பலன் தெரியும். விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் காதில் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அவை உள்ளே போய்விடும்.

அறிகுறி: மலம் இளகிப் போகிறது

இங்கே ஒவ்வாமை என்ற சொல்லுக்குப் போகுமுன் பார்க்க வேண்டியவை பல.

பால் குடித்த சில மணி நேரத்தில் கழிந்தால் அது பெரும்பாலும் பால் சர்க்கரை செரியாமை. வளர்ந்த நாய்களில் லாக்டோஸை உடைக்கும் நொதி குறைந்துவிடும். இது தோல் அரிப்பைத் தராது, பாலை நிறுத்தினால் இரண்டு நாளில் சரியாகும். இதற்கு எட்டு வாரச் சோதனை தேவையில்லை. தயிர் கொஞ்சம் தாங்கும், ஏனென்றால் புளிக்கும்போது லாக்டோஸில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

புது மூட்டை திறந்த அன்றே கழிந்தால் அது திடீர் மாற்றத்தின் விளைவு. புதுத் தீனியைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஐந்து முதல் ஏழு நாளில் ஏற்ற வேண்டும்.

திறந்த மூட்டையிலிருந்து கிலோக் கணக்கில் சில்லறையாக வாங்குவது மலிவுதான். ஆனால் கொழுப்புக் காறிப்போவதும், தூசிப்பூச்சிகள் பெருகுவதும், மழைக்கால ஈரத்தில் மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்சின் சேர்வதும் அந்த மூட்டையில்தான். அந்த நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். சின்னதாக இருந்தாலும் முத்திரை பிரிக்காத பையே கணக்கில் மலிவு. பிரித்ததைப் பையோடு சேர்த்து மூடியுள்ள டப்பாவில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடியுங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை, சீதம் கலந்து, கடைசியில் சொட்டு ரத்தத்தோடு போனால் கோளாறு பெருங்குடலில். தடவைக்கு நிறையப் போய், நாயும் இளைத்துக்கொண்டே வந்தால் சிறுகுடலில். இரண்டிலும் முதலில் மலப் பரிசோதனை. கொக்கிப்புழுவும், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் தீனி ஒவ்வாமை போலவே நடிக்கும். ஒரு தடவை பார்த்துப் புழு இல்லை என்று வந்தால், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

தெம்பாக இருக்கும் வளர்ந்த நாய்க்கு இரண்டு நாளைக்கு மட்டும்: குழைய வடித்த சோறு இரண்டு பங்கு, கொழுப்பு நீக்கி வேகவைத்த கோழி அல்லது மீன் ஒரு பங்கு, வேகவைத்த பரங்கிக்காய் ஒரு மேசைக்கரண்டி. ஒரு நாள் அளவை நான்காகப் பிரித்துக் கொடுங்கள். கோழி மேல் சந்தேகம் இருந்தால் கோழி வேண்டாம். எட்டு வாரச் சோதனைக்கு என்று எடுத்து வைத்த புது இறைச்சியையும் இதற்குச் செலவழிக்காதீர்கள். மூன்றாம் நாளும் கழிந்தால் மருத்துவர்.

ஹோட்டல் பிரியாணி மிச்சத்தையும் குழம்புக் கறியையும் கழுவிப் போட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்தாலும் கழுவினாலும் அந்தத் தன்மை போகாது, சிறுகச் சிறுகச் சேர்ந்தாலும் கெடுதல்தான்.

அறிகுறி: வாந்தி

விடியற்காலையில் மஞ்சள் நுரையாக, சாப்பிடுவதற்கு முன் வாந்தி எடுத்து, பிறகு சாதாரணமாகச் சாப்பிட்டால் வெறும் வயிற்றில் பித்தம் ஏறியது. ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டாக்கி, படுக்கும் முன் ஒரு கைப்பிடி கொடுத்துப் பாருங்கள். சாப்பிட்ட உடனே அப்படியே வெளியே வந்தால் அவசர விழுங்கல். அகலத் தட்டில் பரப்பி வையுங்கள், அல்லது தட்டின் நடுவில் நாயால் விழுங்க முடியாத ஒரு பெரிய கூழாங்கல்லை வையுங்கள்.

கறிக்கடையில் இனாமாகக் கிடைத்த கொழுப்பும் கோழித் தோலும் தின்ற மறுநாள் வாந்தி எடுத்து, முன்னங்காலை நீட்டிப் பின்புறத்தைத் தூக்கி வணங்குவது போல நின்றால் கணையம் வீங்கியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இனாமாக வந்த கழிவு அந்த ஆண்டின் மிகச் செலவான தீனியாக முடியும் இடம் இதுதான்.

அறிகுறி: அரிப்பு இல்லை, ஆனால் ரோமம் மங்கிக் கொட்டுகிறது

இது ஒவ்வாமை அல்ல, பற்றாக்குறை என்று முதலில் எண்ணுங்கள். சோறும் ரசமும், சோறும் தயிரும் என்று வளரும் நாய்களில் லினோலிக் அமிலம் என்ற கொழுப்புச் சத்தும் துத்தநாகமும் போதாமல் தோல் செதில் செதிலாகும். 10 கிலோ எடைக்குத் தினம் ஒரு டீஸ்பூன் சூரியகாந்தி எண்ணெயைச் சோற்றில் கலந்து ஆறு வாரம் பாருங்கள். தேங்காய் எண்ணெயில் லினோலிக் அமிலம் மிகக் குறைவு, இந்த வேலைக்கு ஆகாது. அதோடு ஒரு முட்டையும் சேர்த்தால் பல நாய்களுக்கு அதுவே போதும். வெள்ளைக்கருவைப் பச்சையாகக் கொடுத்தால் அது பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பில் சேரவிடாமல் கட்டிவிடும், வேகவைத்தே கொடுங்கள். சாப்பாட்டைச் சரிசெய்த பிறகும் இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டி, நாய் பருத்துச் சோம்பினால் தைராய்டு பார்க்க வேண்டும்.

எட்டு வாரச் சோதனை: எதைக் கொடுப்பது, எவ்வளவு

மேலே உள்ளவை எல்லாம் கழிந்து, தீனிதான் என்ற சந்தேகம் நின்றால் இங்கே வாருங்கள். ரத்தம், உமிழ்நீர், முடி என்று அனுப்பிச் செய்யும் 'தீனி ஒவ்வாமைச் சோதனை'களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நலமான நாய்க்கும் அவை ஒவ்வாமை என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும்.

முதல் வேலை ஒரு தாளும் பேனாவும். நாய் பிறந்ததிலிருந்து தின்ற இறைச்சி, தானியம், பால் பொருள், பிஸ்கட் எல்லாவற்றையும் எழுதுங்கள். 297 நாய்களைப் பற்றிய பதிவுகளைச் சேர்த்து 2016-ல் வெளியான ஆய்வில் மாட்டிறைச்சி 34, பால் பொருள் 17, கோழி 15, கோதுமை 13 விழுக்காடு என்று வந்தது. அவை பெரும்பாலும் மேலை நாட்டு நாய்கள். அதிகம் தின்ற பொருளுக்குத்தான் பெரும்பாலும் ஒவ்வாமை வரும் என்பதால் நம் வீடுகளில் கோழியையும் பாலையும் கோதுமை பிஸ்கட்டையும் முன்னால் வைத்துச் சந்தேகிப்பது நியாயம். தானியத்தை விட இறைச்சியும் பாலுமே பெரிய குற்றவாளிகள். தானியம் இல்லாத மூட்டை ஏமாற்றுவதும் அதனால்தான்: உள்ளே அதே கோழி. பருப்பும் பட்டாணியும் மிகுந்த அப்படிப்பட்ட சில தீனிகளுக்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2018-ல் விசாரிக்கத் தொடங்கியதையும் நினைவில் வையுங்கள்.

அந்தத் தாளில் இல்லாத ஓர் இறைச்சி, ஒரு மாவுப்பொருள். அவ்வளவுதான் சோதனைத் தீனி. கோழிக்குப் பதிலாகக் காடையோ வாத்தோ வேண்டாம், பறவைகளுக்குள் ஒன்றுக்கொன்று ஒத்த புரதம் உண்டு. மாடு தின்று வளர்ந்த நாய்க்கு எருமையும் ஆடும் அதே காரணத்தால் இரண்டாம் தரத் தேர்வு. கோழியும் பாலும் மட்டுமே தெரிந்த நாய்க்கு மத்தி மீன் அல்லது பன்றி இறைச்சி நல்ல தேர்வு.

மாவுப்பொருளுக்கு அரிசிக் குருணை போதும். அரிசி ஒவ்வாமை அரிது, குருணை மலிவு, சீக்கிரம் குழையும். மக்கல் வாடை இல்லாததாகப் பார்த்து மூன்று தண்ணீர் விட்டுக் களையுங்கள். அரிசியும் வேண்டாம் என்றால் சர்க்கரைவள்ளி. மரவள்ளி மலிவாகக் கிடைக்கும் ஊரில் அதுவும் ஆகும். தோலுரித்து, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சயனைடு தரும் பொருள் தோலிலும் தண்ணீரிலும் இருக்கிறது.

கருத்தடை செய்த, சாதாரணமாக நடமாடும் 15 கிலோ நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி வேண்டும். 10 கிலோ நாய்க்கு 630, 20 கிலோவுக்கு 1,060. எடை இரட்டிப்பானால் தீனி இரட்டிப்பாகாது என்பதைக் கவனியுங்கள். கீழே உள்ள அளவுகள் 15 கிலோ நாய்க்கு, எல்லாம் சமைக்கும் முன் எடை.

மத்தி வழி: தலையும் குடலும் நீக்கிய மத்தி 220 கிராம், குருணை 125 கிராம், ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் ஒரு டீஸ்பூன். மீனைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஆவி வந்த பின் சிறு தீயில் 40 நிமிடம் வையுங்கள். ஆறியதும் நடு முள்ளை விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவாக உடைந்தால் அப்படியே பிசையலாம், சுண்ணாம்புச் சத்துக்குத் தனியாக எதுவும் வேண்டாம். உடையவில்லை என்றால் முள்ளை எடுத்துவிடுங்கள், கால்சியம் தனியாகச் சேருங்கள்.

பன்றி வழி: கொழுப்பில்லாத சதை 250 கிராம், குருணை 120 கிராம், அதே எண்ணெய் ஒன்றரை டீஸ்பூன். நன்றாக வேக வேண்டும், நடுவில் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. விலை கட்டுப்படியாகாவிட்டால் சதையை 180 கிராமாகக் குறைத்துக் குருணையை 145 ஆக்கலாம், வளர்ந்த நாய்க்குப் புரதம் அப்போதும் போதும். இதில் எலும்பு இல்லாததால் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு கிராம் கால்சியம் சேருங்கள். வாசனை சேர்க்காத கால்சியம் கார்பனேட் மாத்திரையாகக் கொடுக்கலாம். முட்டை ஓட்டுப் பொடியில் முட்டைப் புரதம் ஒட்டியிருக்கும், சோதனை முடியும்வரை அது வேண்டாம்.

எண்ணெயை ரீஃபைண்ட் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. செக்கு எண்ணெயில் வித்தின் புரதம் துளி தங்கும். உடம்புக்கு நல்லதா கெட்டதா என்ற பேச்சு இங்கே இல்லை, சோதனை கெடக்கூடாது என்பதுதான்.

மஞ்சள், உப்பு, மிளகாய், புளி எதுவும் வேண்டாம். இந்தத் தீனி முழுமையானது அல்ல. வளர்ந்த நாய்க்கு எட்டு வாரம் தாங்கும். குட்டிக்கும் சினை நாய்க்கும் இப்படிச் செய்யக் கூடாது, குட்டியின் எலும்பு வளைந்துவிடும். அவற்றுக்கு மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

மீன் வழியைத் தேர்ந்தால் நாட்காட்டியையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சோதனை 56 நாள். மார்ச் கடைசியில் ஆரம்பித்தால் நடுவில் விலை ஏறி, "இன்றைக்கு மட்டும் கோழி" என்று சோதனை உடையும். தடை முடிந்த பிறகு ஆரம்பியுங்கள், அல்லது பன்றிக்குப் போங்கள். மீன் எப்போதும் ஐஸில் இருந்ததாக இருக்கட்டும். வெயிலில் கிடந்த மத்தியிலும் அயிலையிலும் ஹிஸ்டமின் சேரும். வேகவைத்தாலும் அது அழியாது. தின்ற நாய் சிவந்து அரித்து வாந்தி எடுத்தால் மீன் ஒவ்வாமை என்று தவறாக எழுதிவிடுவீர்கள்.

புரதத்தின் விலையை இப்படிப் போடுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். முட்டை 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 100 கிராம் புரதம் 100 ரூபாய். எலும்போடு கோழி கிலோ 240 என்றால், தோலும் எலும்பும் போய்ச் சதை 600 கிராம் அளவுதான் தேறும், 100 கிராம் புரதம் சுமார் 190 ரூபாய். மத்தி கிலோ 160, சுத்தம் செய்த பின் 650 கிராம் என்றால் சுமார் 130 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். கோழிக் காலும் தலையும் கிலோ விலையில் மலிவாகத் தெரியும், ஆனால் அதில் பெரும்பகுதி எலும்பும் ஜவ்வும். மீல் மேக்கர் எல்லாவற்றிலும் மலிவு. கம்பெனித் தீனி தின்ற நாய்க்குச் சோயா புதிதாக இருப்பது அரிது என்பதால் சோதனைக்கு ஆகாது.

தினமும் இரவு, நாட்காட்டிக் கட்டத்தில் அரிப்புக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் எழுதுங்கள், மலம் எத்தனை தடவை என்பதையும் எழுதுங்கள். வயிற்றுக் கோளாறு இரண்டு வாரத்தில் அடங்கத் தொடங்கும். தோல் மெதுவாகத்தான் வரும். தீனி ஒவ்வாமை உள்ள நாய்களில் ஐந்து வாரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேலும், எட்டு வாரத்தில் 90 விழுக்காட்டுக்கு மேலும் குணம் தெரியும் என்பது ஆய்வுகளின் கணக்கு. மூன்றாம் வாரத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்று விட்டுவிடுபவர்கள் மூன்று வாரச் செலவையும் தண்ணீரில் போடுகிறார்கள்.

சோதனை நடக்கிறது, ஆனால் ஒரு மாற்றமும் இல்லை

தீனி காரணம் இல்லை என்று முடிவு கட்டுமுன் கசிவைத் தேடுங்கள். மென்று தின்னும் பூச்சி மாத்திரை, குடற்புழு மாத்திரை, சத்து டானிக் பலவற்றிலும் மாட்டு, பன்றி, கோழி வாசனைப் பொருள் உண்டு. மீன் எண்ணெய் மாத்திரையின் உறை பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டின். மருந்தை எதில் பொதிந்து கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வெல்லத்தில் அல்லது சோதனைத் தீனியில் பொதியலாம், பிஸ்கட்டில் அல்ல.

குழந்தை சாப்பிடும் இடம், பூனைத் தட்டு, காக்கைக்கு வைத்த சோறு, தெருவில் மற்ற நாய்களுக்கு வைக்கும் பாத்திரம், வாசலில் வரும் பாட்டி போடும் பொறை. கடைசியாகச் சொன்னதைத் தடுப்பதுதான் கடினம். "நாய்க்கு மருந்து நடக்கிறது, எதுவும் போடாதீர்கள்" என்று சொன்னால் கேட்பார்கள். ஒவ்வாமை என்று சொன்னால் "ஒரு பிஸ்கட்டில் என்ன ஆகிவிடும்" என்பார்கள்.

சோதனைக்குச் சற்று முன் அரிப்புக்கு நீண்ட நாள் வேலை செய்யும் ஊசி போட்டிருந்தால், அது வேலை செய்யும் வாரங்கள் கணக்கில் சேராது. குணம் ஊசியாலா தீனியாலா என்று பிரிக்க முடியாது. முதலில் அரிப்பு அடங்க மருத்துவர் மாத்திரை தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதை நிறுத்திய பிறகு குறைந்தது இரண்டு வாரம் தீனியை மட்டும் வைத்துப் பாருங்கள்.

முதலில் குறைந்து பிறகு திரும்பினால் தெள்ளு மருந்தின் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒரு மாதம் விட்டுப்போயிருக்கும்.

நாய் தின்ன மறுக்கிறது, இளைக்கிறது, பருக்கிறது

லேப்ரடார் எதையும் தின்னும். பொமரேனியனும் பக்கும் இரண்டு நாள் முறைக்கும். சற்றுச் சூடாக்கி, மீனோ இறைச்சியோ வெந்த தண்ணீரை மேலே ஊற்றி வையுங்கள். 20 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைக்கு மறுபடி வையுங்கள். நலமான வளர்ந்த நாய் ஒரு நாள் தின்னாமல் இருந்தால் கவலை இல்லை. இரண்டு நாளுக்கு மேல் போனால், அல்லது மிகச் சிறிய நாயாக, நோயாளி நாயாக இருந்தால், வேறு இறைச்சிக்கு மாறுங்கள். எடையை வாரம் ஒரு முறை பாருங்கள்: நாயைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி உங்கள் எடையைக் கழித்தால் போதும். இளைத்தால் மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள், பருத்தால் அவ்வளவே குறையுங்கள்.

அரிப்பு அடங்கிவிட்டது, அடுத்து?

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள், அதனால் வாழ்நாள் முழுக்கப் பன்றியும் மத்தியும் வாங்குகிறார்கள். பழைய தீனியைத் திரும்பக் கொடுங்கள். ஒவ்வாமை உண்மையானால் சில மணி நேரத்திலிருந்து 14 நாளுக்குள் அரிப்பு திரும்பும். திரும்பாவிட்டால் குணம் தந்தது தெள்ளு மருந்து அல்லது பருவ மாற்றம், தீனி அல்ல. மூட்டைச் செலவு அப்போதே மிச்சம்.

திரும்பினால் சோதனைத் தீனிக்குப் போய், அரிப்பு அடங்கும்வரை பொறுத்து, ஒவ்வொரு பொருளாக 14 நாள் சேருங்கள். கோழி என்றால் தினம் 40 கிராம் வேகவைத்த சதை. கோதுமை என்றால் எண்ணெயும் பாலும் இல்லாமல் சுட்ட ஒரு சப்பாத்தி. பாலைச் சோதிக்கப் பால் கொடுக்காதீர்கள், லாக்டோஸ் கழிச்சல் குழப்பிவிடும். பனீர் 20 கிராம் கொடுங்கள். அதில் லாக்டோஸ் குறைவு, புரதம் அப்படியே இருக்கிறது. முட்டையைக் கோழியிலிருந்து தனியாகச் சோதியுங்கள். கோழி ஆகாத நாய் பலவற்றுக்கு முட்டை ஆகும், அதுவே மலிவான நிரந்தரத் தீர்வு. 15 கிலோ நாய்க்கு ஐந்து முட்டை, குருணை 125 கிராம், அரை டீஸ்பூன் எண்ணெய் என்றால் புரதமும் கலோரியும் சரியாக நிற்கும். கால்சியத்துக்கு அந்த முட்டை ஓட்டையே பயன்படுத்தலாம்: பத்து நிமிடம் கொதிக்கவைத்து, உள் சவ்வை உரித்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துச் சலித்து, தினம் அரை டீஸ்பூன்.

வீட்டுச் சாப்பாட்டிலேயே நிரந்தரமாக நிற்கப் போகிறீர்கள் என்றால் துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை குறையும். ஒவ்வாத பொருள் கலக்காத ஒரு தாதுக் கலவையை மருத்துவரிடம் கேட்டுச் சேருங்கள். ஆகாத பொருள் எது என்று தெரிந்த பிறகு கம்பெனித் தீனிக்கும் திரும்பலாம். பையின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். முன்னால் ஆடு என்று போட்டுப் பின்னால் கோழி மாவு, கோழிக் கொழுப்பு என்று இருக்கும் பைகள் நிறைய. 'இறைச்சி மற்றும் இறைச்சி உபபொருள்' என்று பெயர் சொல்லாமல் எழுதியிருந்தால் அந்தப் பை உங்கள் நாய்க்கு இல்லை. ஆகாத பொருட்களின் பெயரை நாயின் தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள், அடுத்த முறை மருந்தகத்தில் வாசனை மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.